நூறு மீட்டர் ஒயரில் ஓடிய சைக்கிள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு கேள்வி-பதில் பகுதியில் வாசகர் ஒருவர், ‘வீட்டில் சும்மா கிடக்கும் கிரைண்டர் மோட்டாரை சைக்கிளில் பொருத்தி, நீளமாக ஒயர் இழுத்துத் தோட்டத்துக்குள் ஓட்ட முடியுமா?’ என்று கேட்டிருந்தார். அதைப் படித்த என் மனைவி, புத்தகத்தை அப்படியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ‘‘இதுக்கு நீங்கதான் எழுதோணும். வேற யாரு எழுதுவாங்க?’’ என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நாங்கள் அப்படி ஓட்டியிருக்கிறோம். சைக்கிள் நன்றாகவே ஓடியது. அதற்கு நாங்கள் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

நாங்கள் சத்தியமங்கலம் பக்கம். இரண்டரை ஏக்கர் தோட்டம். ஒன்றரை ஏக்கரில் மஞ்சள், மீதியில் வாழையும் மாட்டுக்குச் சோளத்தட்டும். வீட்டுக்கும் கிணற்று மோட்டார் ரூமுக்கும் இடையே அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். வண்டிப்பாதை உண்டு. ஆனால், மழை பெய்தால் சேறு.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு வலது முழங்கால் தேய்ந்துபோனது. சமதளத்தில் மெதுவாக நடப்பேன். சைக்கிள் மிதித்தால் அன்று இரவு தூக்கம் இருக்காது. மொபெட்டை உதைக்கவும் முடியாது, பெட்ரோல் செலவும் கட்டாது. மும்முனை மின்சாரம் வரும் நேரமோ நம் கையில் இல்லை. நடுராத்திரி மோட்டார் போட வேண்டும், விடியும் முன்னால் மடை மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு நடை. முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் கிளம்பும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது என் மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

ஒருநாள், ‘‘அப்பா, அந்தப் பழைய கிரைண்டர் மோட்டாரை நான் எடுத்துக்கட்டுங்களா?’’ என்று கேட்டாள். எங்கள் வீட்டுப் பழைய கல் கிரைண்டரில் டிரம் உடைந்து, மோட்டார் மட்டும் விறகு அட்டாலியில் கிடந்தது. அரை குதிரைத்திறன், சிங்கிள் பேஸ், நிமிடத்துக்கு 1,440 சுற்று. ‘‘எடுத்துக்க கண்ணு’’ என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கணக்கு சரியாக இருந்தது!

அவள் செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரை கேரியர் மேல் வைத்து, இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு இறுக்கினாள். மோட்டார் தண்டில் சின்ன உருளை. அதன் மேல் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினாள். அந்த உருளை பின் டயரை அழுத்திக்கொண்டு நிற்கும். மோட்டார் சுற்றினால் உருளை சுற்றும். உருளை டயரைத் தள்ளும். செயின் வேண்டாம், பல்சக்கரம் வேண்டாம்.

உருளையின் குறுக்களவு 2 அங்குலம். சுற்றளவு ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால், 230 மீட்டர். மணிக்குப் பார்த்தால், 14 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ‘‘சக்கரம் பெருசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் வேகம் இதேதானுங்கப்பா. உருளைதான் கணக்கு’’ என்று நோட்டில் போட்டுக் காட்டினாள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் புரிந்தது.

முதலில் களத்தில் பத்து மீட்டர் ஒயரில் ஓட்டிப் பார்த்தோம். வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். என் அம்மா திண்ணையிலிருந்து கைதட்டிச் சிரித்தது. அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். ‘‘நூறு மீட்டர் ஓடிட்டா, வழி நெடுக நாலு கம்பம் நட்டு நாலு பிளக் பாயின்ட் வெச்சா, மோட்டார் ரூமு வரைக்கும் போயிரலாமுங்கப்பா’’ என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. முட்டி வலி இருக்கிறவனுக்கு வரும் ஆசை.

புது ஒயர் நூறு மீட்டர் வாங்கக் கையில் பணமில்லை. 40 மீட்டர் புதிதாக வாங்கினோம். மீதி 60 மீட்டரை மைக் செட்காரரிடம் பழைய விலைக்கு வாங்கினேன். இரண்டு கம்பி மட்டும் உள்ள 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். எர்த் கம்பி கிடையாது. இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்து, கறுப்பு டேப்பைச் சுற்றியது நான்தான். அதை யார் மேலும் போட முடியாது.

வீட்டுத் திண்ணை பிளக்கில் சொருகி ஸ்விட்சைப் போட்டால், மோட்டார் கிளம்பவில்லை. ‘ங்ங்ங்’ என்று இரைந்தது. பத்து மீட்டரில் ஓடியது நூறு மீட்டரில் ஏன் ஓடவில்லை? இதற்கும் அவளே காரணம் கண்டுபிடித்தாள். ஒயருக்கும் ஒரு தடை உண்டு. நூறு மீட்டர் ஒயர் என்றால் மின்சாரம் போக நூறு, வர நூறு, ஆக 200 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டரில் அது 3.6 ஓம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று, நாலு ஆம்பியர்தான் இழுக்கும். இழப்பு 15 வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால், கிளம்பும் நேரத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது ஒயரிலேயே 60, 65 வோல்ட் போய்விடும். 230-க்குப் பதில் 165 வோல்ட் கிடைத்தால் மோட்டார் கிளம்பும் பலம் பாதியாகிவிடும். கிணற்று மோட்டாருக்கு மெல்லிய கேபிள் போட்டவர்களுக்கு இந்த இரைச்சல் தெரிந்திருக்கும். அப்படியே விட்டால் காயில் கருகும்.

‘‘மிதிச்சுக் கிளப்பிட்டு அப்புறம் ஸ்விட்சைப் போட்டா ஆச்சு’’ என்றாள். அப்படியே செய்தாள். ஓடியது. நூறு மீட்டர் தீர 26 விநாடி. அதற்குள் ஒயர் இழுபட்டு நின்றுவிட்டது. திரும்பி வருவதற்கு ஒயரைச் சுருட்ட ஒரு ஆள். அந்த ஆள் நான்.

பியூஸ் போகவே இல்லை!

மறுநாள் காலை லேசான தூறல் நின்றிருந்தது. வாழைக்குப் பாயும் வாய்க்கால் ஓரம் பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தது. மகள் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து ஒயரை விட்டுக்கொண்டிருந்தேன். சைக்கிள் போகப் போக ஒயர் கல்லிலும் வரப்பிலும் உரசிக்கொண்டே போனது. நான் சுற்றிய ஜாயின்ட் சரியாக அந்தத் தேக்கத்தில் போய் நின்றது.

எங்கள் சினையாடு ஒன்று தண்ணீர் குடிக்கக் காலை வைத்தது. ஒரே ஒரு சத்தம். அப்படியே சாய்ந்தது.

மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் பால் புட்டி கொடுத்து வளர்த்த ஆடு அது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அதை நோக்கி ஓடி வந்தாள். எனக்கு எழுந்து ஓட முடியவில்லை. ‘‘தொடாதே பாப்பா, தொடாதே, அங்கயே நில்லு!’’ என்று கத்தினேன். சமையற்கட்டிலிருந்த மனைவியைப் பார்த்து ‘‘மெயினை ஆஃப் பண்ணு’’ என்று கத்தினேன். நானே அப்படிக் கத்தியதை என் வாழ்க்கையில் கேட்டதில்லை. மகள் ஆட்டுக்கு நான்கு எட்டு முன்னால் நின்றாள். மனைவி மெயின் ஸ்விட்சை இறக்கினாள். அதன் பிறகுதான் போய்த் தூக்கினோம். ஆடு போய்விட்டது, குட்டியோடு.

அன்று யாரும் சாப்பிடவில்லை. சாயங்காலம் எங்கள் ஊர் ஒயர்மேன் அண்ணன் வந்தார். முதல் வேலையாக பியூஸ் கேரியரை உருவிப் பார்த்தார். கம்பி அப்படியே இருந்தது. ‘‘பியூஸ் போகலையே, பின்ன எப்படி ஷாக் அடிச்சுது?’’ என்று கேட்டேன். பலருக்கும் இதே நினைப்பு இருக்கும் என்பதால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘‘பியூஸ் ஒயரைக் காப்பாத்தறதுக்குங்க. ஆளைக் காப்பாத்தறதுக்கில்ல. உங்க பியூஸ் 5 ஆம்பியர். அதாவது, 5,000 மில்லி ஆம்பியர். உசுரு போறதுக்கு அவ்வளவு வேண்டாமுங்க. முப்பது, ஐம்பது மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாப் போனாப் போதும். அது பியூஸுக்கு ஓடறதே தெரியாது.’’

பிறகு சைக்கிளைக் காட்டிச் சொன்னது இன்னும் பயமாக இருந்தது. ‘‘இதுல எர்த் இல்ல. மோட்டார் காயில் லேசா பாடியில பட்டா மொத்த சைக்கிளும் கரன்ட்டு. ஆனா, ஓட்டிட்டு இருக்கறப்பத் தெரியாது. ரெண்டு டயரும் ரப்பரு. எப்பக் காலைத் தரையில ஊனறாங்களோ அப்பத்தான் அடிக்கும். பாப்பா கையி ஹேண்டில்பார்ல, காலு சேத்துல. நீங்களே நெனச்சுப் பாத்துக்குங்க.’’

நான் நினைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் சில ராத்திரிகளில் நினைத்துப் பார்க்கிறேன்.

ரயிலும் ஒயரில்தானே ஓடுகிறது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. இன்றைக்கு ரயில் பாதையின் மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். ஆனால், அந்தக் கம்பி ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், இருந்த இடத்தில் இருக்கிறது. வண்டிதான் நகர்கிறது. நம் சைக்கிளில் ஒயரே தரையில் நகர்கிறது. கல்லில் உரசுகிறது, தண்ணீரில் கிடக்கிறது, மாடு மிதிக்கிறது, மண்வெட்டி படுகிறது. வித்தியாசம் அதுதான்.

ஒயரை விட்டோம்; சைக்கிளை விடவில்லை!

இனி மோட்டார் பக்கமே போகக்கூடாது என்று மகளிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒயர்மேன் அண்ணன் கிளம்பும்போது, ‘‘பாப்பாவைத் திட்டாதீங்க. கணக்குச் சரியாத்தான் போட்டிருக்குது. ஒயரைத்தான் தப்பா எடுத்திருக்குது. பேட்டரியில செய்யச் சொல்லுங்க’’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பத்து நாள் அவள் நோட்டைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் என் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அதில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மாமாவிடமிருந்து இன்னொன்றை இரவல் வாங்கி, இரண்டையும் வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கினாள். சைக்கிளுக்கென்றே விற்கும் 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டாரைக் கோயம்புத்தூரில் வாங்கினோம். கன்ட்ரோலர், திராட்டில் எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய். அந்த வருடம் இரண்டு கிடாக்குட்டி விற்ற பணம்.

இந்த மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று. மோட்டாரில் 9 பல், பின்சக்கரத்தில் 18 பல் ப்ரீவீல், நடுவே சைக்கிள் செயின். அதனால் சக்கரம் 150 சுற்று சுற்றும். நம் 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக, மணிக்கு 20 கிலோமீட்டர். சேற்றுப் பாதையில் 12, 13 தாண்டாது. அது போதும்.

இரவல் பேட்டரியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 12 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு புதிதாக வாங்கினோம். இரண்டும் சேர்ந்து 8 கிலோ எடை வரும். 24-ஐ 12-ஆல் பெருக்கினால் 288 வாட்-ஹவர். காலியானதை முழுக்க சார்ஜ் ஏற்ற அரை யூனிட்டுக்குள்தான் ஆகிறது. ஏற்றத்தில் கொஞ்சம் மிதித்துக்கொடுத்தால் 15 கிலோமீட்டர் போகிறது. எனக்கு ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர் போனால் அதிகம். மிதிக்கும்போதும் பாரம் முட்டியில் விழுவதில்லை.

நூறு மீட்டர் ஒயர் 26 விநாடியில் தீர்ந்தது. எட்டு கிலோ பேட்டரி நான்கு நாள் வருகிறது. இந்த ஒரு கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் ஆடு பிழைத்திருக்கும்.

வாசகர் கேட்கக்கூடியவை

இதைப் படிப்பவர்களுக்குச் சில சந்தேகங்கள் வரும். எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் கேட்டதையே எழுதுகிறேன்.

*லைசென்ஸ் வேண்டுமா?* மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. வாங்கும்போதே இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

*பேட்டரி எவ்வளவு நாள் வரும்?* நாம் பார்த்துக்கொள்வதைப் பொறுத்தது. இந்த ஈய பேட்டரியை முழுக்கக் காலியாகும் வரை ஓட்டக்கூடாது. ஓட்டிய அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும். காலியாகவே போட்டு வைத்தால் சீக்கிரம் செத்துவிடும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று ஜோடி சேர்க்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள்.

*24 வோல்ட் ஷாக் அடிக்காதா?* காய்ந்த கையில் தொட்டால் தெரியாது. ஆனால், ஸ்பானர் இரண்டு முனையிலும் ஒன்றாகப் பட்டால் தீப்பொறி பறந்து கையைச் சுட்டுவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டிருக்கிறோம். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் தானாக நிற்கும் பிரேக் லீவர் கிடைக்கிறது. அதையும் போட்டுவிடுங்கள்.

*கிணற்று மோட்டார் ரூமில் சார்ஜ் போடலாமா?* கூடாது. விவசாய இலவச மின்சாரம் பாசனத்துக்குக் கொடுத்தது. வேறு வேலைக்கு எடுத்தால் அது விதிமீறல். அரை யூனிட்டுக்காக இணைப்பைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

*தட்டு வெட்டும் மெஷினுக்கும் ராத்திரி விளக்குக்கும் ஒயர் இழுத்துத்தானே ஆக வேண்டும்?* ஆமாம், சில வேலைக்கு இழுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது இரண்டு கம்பி ஒயர் வேண்டாம். எர்த்தோடு சேர்ந்த மூன்று கம்பி ஒயராக இருக்கட்டும். தூரம் அதிகமென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் வாங்குங்கள். நடுவில் ஜாயின்ட் கூடவே கூடாது. சுருளாக வைத்தே ஓட்டாதீர்கள்; சூடேறி உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் தரையில் போடாமல் கவைக்குச்சி நட்டுத் தூக்கி விடுங்கள். வேலை முடிந்ததும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஒயரைச் சுருட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடுங்கள். மின்சாரம் போன அளவுக்குத் திரும்பி வராமல் வழியில் மண்ணிலோ ஆளிலோ கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் அது இறங்கிவிடும். நாங்கள் ஆடு செத்த மறு வாரமே போட்டோம். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு நல்ல ஆட்டின் விலையில் கால் பங்குகூட இல்லை. அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மாற்றுங்கள். யாராவது ஷாக் அடித்துக் கிடந்தால் முதலில் மெயினை இறக்குங்கள். அதற்கு முன் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் தொடக்கூடாது. இதை வீட்டில் சின்னப் பிள்ளை முதல் பெரியவர்கள் வரை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு மனைவிக்கு மெயின் ஸ்விட்ச் எது என்று தெரிந்திருந்ததால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மைக் செட்காரரிடம் வாங்கிய அந்தப் பழைய ஒயரை யாரும் மறுபடி இணைத்துவிடக் கூடாதென்று ஒரு முழம், ஒரு முழமாக வெட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன்.

மகள் இப்போது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் முதலில் சைக்கிள் பேட்டரியின் வோல்டேஜைப் பார்ப்பாள். குறைந்திருந்தால் எனக்குத் திட்டு. ‘‘நேத்து சார்ஜ் போடலீங்களாப்பா?’’ என்பாள். மறந்துவிட்டேன் என்பேன். ஆடு மட்டும் அதற்குப் பிறகு அவள் வளர்க்கவில்லை. நானும் வளர்க்கச் சொல்லவில்லை.

கேள்வி கேட்ட அந்த வாசகருக்கு: உங்கள் கிரைண்டர் மோட்டார் நல்ல நிலையில் இருந்தால், தட்டு வெட்டவோ வேறு வேலைக்கோ ஓரிடத்தில் நிலையாக வைத்து, எர்த் கொடுத்து ஓட்டுங்கள். சைக்கிளுக்கு 24 வோல்ட் வாங்குங்கள். ஒயரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.